காணாமல் போன நான்கு சதவீதம்

கேள்வி – பதில்

போன இதழில் பம்பரத்தைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதிலிருந்து தபால்காரருக்குத் தலை சுற்றுகிறது. ஆகவே இந்த முறை சுழல்வன பற்றி மட்டும். மாமியார் பிரச்சினைகள் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. அவை எங்கும் போய்விடாது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் சுழலும் வட்டின் மேல் வளையத்தைப் போட்டு, முன்னும் பின்னும் கோண உந்தத்தை அளந்தேன். போட்ட பிறகு 96 சதவீதம்தான் மிச்சம். மாறவே மாறாது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொய் சொல்வது விதியா, நானா?
– 96 சதவீத மாணவன், திருச்சி

பதில்: ரெண்டு பேருமே இல்லை. வளையம் நடுவில் விழவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய அளவுகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். வட்டு 1.5 கிலோ, ஆரம் 12 செ.மீ. வளையம் 1.4 கிலோ, உள் ஆரம் 5, வெளி ஆரம் 6 செ.மீ. வட்டின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது நிறையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 0.0108 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். வளையத்துக்கு 0.0043. வட்டு வினாடிக்கு 10 ரேடியன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றாத வளையம் வந்து உட்கார்ந்ததும் இருவரும் சேர்ந்து 7.17 ரேடியனில் சுற்ற வேண்டும். உங்களுக்கு வந்ததோ 6.91.

வளையத்தின் மையம் அச்சிலிருந்து 2 செ.மீ. தள்ளி விழுந்தது என்று வையுங்கள். இணை அச்சுத் தேற்றத்தின்படி அதன் நிலைமத் திருப்புத்திறனோடு நிறையையும் அந்த 2 செ.மீ.யின் வர்க்கத்தையும் பெருக்கி வந்த 0.00056-ஐக் கூட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள், வேகம் 6.91 என்றே வரும். வட்டும் வளையமும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன. வளையம் நட்டநடுவில் இருப்பதாக நினைத்து நீங்கள் பெருக்கியதில்தான் அந்த நான்கு சதவீதம் தொலைந்தது.

இன்னொரு சந்தேக நபரும் உண்டு. நீங்கள் வரைந்த வேக வரைபடத்தை உற்றுப் பாருங்கள். வளையம் விழுவதற்கு முன்பே கோடு லேசாகச் சரிகிறது. அது பேரிங்கின் கைவரிசை. விழுவதற்கு மூன்று வினாடி முன்பு ஒரு ரீடிங், விழுந்து ஐந்து வினாடி கழித்து ஒரு ரீடிங் என்று எடுத்தால், நடுவில் உராய்வு தின்றதெல்லாம் வளையத்தின் தலையில் விழும். இரண்டு பக்கத்துச் சரிவையும் ஸ்கேல் வைத்து நீட்டி, வளையம் தொட்ட கணத்தில் என்ன வேகம் என்று படியுங்கள். ரெக்கார்டு நோட்டில் ‘காற்றுத்தடை மற்றும் மனிதப் பிழை காரணமாக’ என்று ஒரு வரி எழுதித் தப்பிப்பது நம் ஊர்ச் சம்பிரதாயம். நானும் எழுதியவன்தான். மனிதப் பிழை என்றால் எந்த மனிதன், என்ன பிழை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேள்வி: அதே பரிசோதனையில் என் பக்கத்து மேசைக்காரனுக்கு மட்டும் 100.00 சதவீதம் வந்ததே?
– பொறாமைக்காரி, அதே திருச்சி

பதில்: அவர் ஆய்வகத்துக்கு வந்திருந்தாரா என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். சாதாரண அளவுகோலும் தராசும் வைத்துக்கொண்டு தசமத்துக்குப் பிறகு இரண்டு பூஜ்யம் வாங்குகிறவருக்கு இயற்பியலைவிடச் சிறுகதையில் நல்ல எதிர்காலம் உண்டு.

கேள்வி: கோண உந்தம் என்றால் என்ன? நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். சமையலறை பாஷையில் சொல்லவும்.
– கிரைண்டர் சொந்தக்காரி, கும்பகோணம்

பதில்: உங்களிடமே ஆய்வகம் இருக்கிறதே. கிரைண்டர் சுவிட்சை அணைத்த பிறகும் கல் சட்டென்று நிற்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி அடங்குகிறது இல்லையா? அந்தப் பிடிவாதத்தின் அளவுதான் கோண உந்தம். கல்லின் எடை கூடினால் பிடிவாதம் கூடும். அந்த எடை அச்சிலிருந்து விலகி ஓரத்தில் இருந்தால் இன்னும் கூடும். வேகம் கூடினாலும் கூடும்.

மாறாமை வேண்டுமென்றால் மிக்ஸியிடம் போங்கள். காலி ஜாரை வைத்துச் சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி உடம்பை ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளும். உள்ளே மோட்டார் ஒரு பக்கம் சுழலப் புறப்பட்டதால், வெளிக்கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். சுவிட்சைப் போடுவதற்கு முன்பும் பூஜ்யம்தானே இருந்தது. பிறகு ஏன் மிக்ஸி மேடையில் கிடந்து சுற்றவில்லை? ரப்பர் கால்கள் மேடையைப் பிடித்துக்கொள்கின்றன. மேடை வீட்டையும், வீடு பூமியையும் பிடித்திருக்கின்றன. நீங்கள் சட்னி அரைக்கும்போது பூமிக்கே ஒரு சின்ன இடி விழுகிறது. அதனிடம் இருக்கும் சொத்துக்கு இது ஒன்றும் தெரியாது.

கேள்வி: நாங்கள் உயர்தரத்தில சடத்துவத் திருப்பம் எண்டுதான் படிச்சனாங்கள். நீங்கள் நிலைமத் திருப்புத்திறன் எண்டு எழுதுறியள். எது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, பொருள் ஒன்று, கடல் நடுவில். உங்கள் சொல் வாயில் நுழைகிறது; எங்கள் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் வட்டு நின்றுவிடும். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் லத்தீன் வேருக்குச் சோம்பல் என்றே அர்த்தம். நான் மனத்துக்குள் வைத்திருக்கும் பெயர் ‘சுழல் சோம்பல்’. பாடநூல் குழுவுக்கு எழுதிப் போடும் துணிச்சல் வரவில்லை. இந்தப் பத்தியில் மட்டும் அனுமதியுங்கள்.

கேள்வி: வட்டு–வளையப் பரிசோதனையில் ஆற்றலையும் கணக்கிட்டேன். 0.54 ஜூல் இருந்தது 0.39 ஆகிவிட்டது. 28 சதவீதம் அவுட்! கோண உந்தம் மட்டும் எப்படி உத்தமனாக நிற்கிறது?
– பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, மதுரை

பதில்: ஆற்றலுக்கு மாறுவேடம் போடத் தெரியும். கோண உந்தத்துக்குத் தெரியாது.

வளையம் வட்டில் விழுந்ததும் உடனே ஒட்டிக்கொள்வதில்லை. கொஞ்ச நேரம் வழுக்கித் தேய்கிறது. காது கொடுத்தால் ‘சர்ர்’ என்று கேட்கும். அந்தத் தேய்ப்பில் இயக்க ஆற்றல் சூடாகவும் சத்தமாகவும் மாறி, அடையாளம் தெரியாமல் கூட்டத்தில் கலந்துவிடுகிறது. அதே தேய்ப்பு, வட்டின் கோண உந்தத்திலிருந்து எவ்வளவு பிடுங்குகிறதோ அதே அளவை வளையத்துக்குக் கொடுக்கிறது. ஒரு கை கொடுக்க மறு கை வாங்கும் உள்வீட்டு வியாபாரம். குடும்பச் சொத்து மாறாது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. வட்டின் மேல் எண்ணெய் தடவிப் பாருங்கள், பிறகு உப்புத்தாள் ஒட்டிப் பாருங்கள். வழுக்கும் நேரம்தான் கூடும் அல்லது குறையும்; இழப்பு அதே 28 சதவீதம். அது வளையத்தின் சோம்பலை மொத்தச் சோம்பலால் வகுத்து வருவது. உராய்வு பலமா பலவீனமா என்பதற்கு அதில் இடமே இல்லை. முதல் முறை இதைக் கணக்கில் பார்த்தபோது நான் நம்பாமல் நிஜமாகவே எண்ணெய் தடவினேன். லேப் அசிஸ்டன்ட் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

கேள்வி: கோண உந்த மாறா விதியே தவறு என்கிறேன். குழாய் வழியாக நூலைக் கீழே இழுத்து, சுழலும் பந்தின் ஆரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வேகம் 100 மடங்காக வேண்டுமாம். வினாடிக்கு 2 சுற்று 200 சுற்றாகும், நிமிடத்துக்கு 12,000! பந்தய காரின் எஞ்சினுக்குச் சமம். என் மொட்டைமாடியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பதில் சொல்ல முடியுமா?
– விதிகளை நம்பாதவன், சேலம்

பதில்: உங்கள் பெருக்கல் சரி. மொட்டைமாடியும் சரி. நடுவில் ஒருவரை மறந்துவிட்டீர்கள். நூலை இழுத்த உங்கள் கைதான் அவர்.

பந்து 50 கிராம், ஆரம்ப ஆரம் 1 மீட்டர் என்று வைப்போம். வினாடிக்கு 2 சுற்றில் பந்தின் வேகம் சுமார் 12.6 மீட்டர். நூலின் இழுவிசை கிட்டத்தட்ட 8 நியூட்டன்; முக்கால் கிலோ தக்காளிப் பையைத் தூக்குவது போல. இப்போது 10 செ.மீ.க்கு இழுங்கள். விதிப்படி பந்தின் வேகம் வினாடிக்கு 126 மீட்டர். மணிக்கு 450 கி.மீ., வந்தே பாரத் ஒதுங்கி வழிவிட வேண்டிய வேகம். இழுவிசை? அது ஆரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். ஆரம் பத்தில் ஒன்றானால் இழுவிசை ஆயிரம் மடங்கு, அதாவது 7,900 நியூட்டன். நூல் நுனியில் 800 கிலோ தொங்குகிறது என்று அர்த்தம். ஒரு சின்னக் காரை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தீர்கள் என்றால், அதைக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கலாம்.

ஆகவே 12,000 சுற்றை நீங்கள் எட்டவில்லை என்பது விதியின் தோல்வி ஆகாது. இழுக்க ஆளில்லை, அவ்வளவுதான். நீங்கள் 10 செ.மீ. வரை இழுத்து முடித்தது உண்மையென்றால், அதற்குள் பந்து தன் கோண உந்தத்தில் பெரும்பங்கை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. யாருக்கு? மூன்று பேருக்கு. ஒன்று, காற்று, அதன் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு, குழாயின் விளிம்பில் தேயும் நூல். மூன்றாவது ஆள் யார் கண்ணிலும் படுவதில்லை: குழாயைப் பிடித்த கை. அது சும்மா நிற்பதாக நினைக்கிறோம். நிஜத்தில் சின்ன வட்டமடித்துப் பந்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பு ஒரு திருப்பு விசை. ‘வெளியிலிருந்து திருப்பு விசை செயல்படாதவரை’ என்ற முன்வாசகம் இன்ஷூரன்ஸ் பத்திரத்துப் பொடி எழுத்து மாதிரி. கிளெய்ம் பண்ணும்போதுதான் கண்ணில் படும்.

விதியை நியாயமாகச் சோதிக்க ஆசையா? பேராசையை விடுங்கள். ஆரத்தைப் பாதியாக மட்டும் குறையுங்கள். வினாடிக்கு 2 சுற்று 8 ஆக வேண்டும், இழுவிசை 8 மடங்காகி ஆறரைக் கிலோ பாரமாகும், கை தாங்கும். குழாயை ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டுங்கள். விளிம்பு தேய்த்து வழவழப்பாக்கிய கண்ணாடிக் குழாய், கனமான சின்ன உலோகக் குண்டு, மெல்லிய தூண்டில் நரம்பு. செல்போனில் ஸ்லோமோஷன் படம். சட்டென்று இழுங்கள், காற்றுக்குத் தின்ன நேரம் கொடுக்காதீர்கள். தலைக்கு ஹெல்மெட், சேலத்தில் எப்படியும் கட்டாயம்.

இரண்டு நாளில் உங்கள் மறுப்புக் கடிதம் வரும் என்று தெரியும். ஸ்லோமோஷன் படத்தோடு வந்தால் பிரசுரிப்பேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வட்டும் இல்லை, வளையமும் இல்லை, ஆய்வகத்துக்குச் சாவியும் இல்லை. எப்படி அளப்பது?
– பிளஸ் ஒன் மாணவி, ராமநாதபுரம்

பதில்: சுழல் நாற்காலி ஒன்று தலைமையாசிரியர் அறையில் இருக்கும். செல்போன் ஆசிரியையிடம் இருக்கும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் ‘ஃபைஃபாக்ஸ்’ என்று ஓர் இலவசச் செயலி தந்திருக்கிறார்கள். செல்போனுக்குள் இருக்கும் சுழல் உணரியை அது படித்து, வினாடிக்கு எத்தனை ரேடியன் என்று திரையில் கோடு போடும். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் அந்த உணரி உண்டு.

போனை மடியில் வைத்து நாற்காலியில் உட்காருங்கள். கையை நீட்டியபடி தோழி ஒருத்தி சுழற்றிவிடட்டும், கையை மடக்குங்கள். முன், பின் வேகம் இரண்டும் கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேகம் கூடியது, ஆகவே விதி சரி என்று எழுதிவிடுவார்கள். உங்கள் உடம்பின் சோம்பல் எவ்வளவென்று தெரியாமல் எதைச் சோதித்தீர்கள்?

அதனால் மூன்று முறை செய்யுங்கள். முதலில் வெறுங்கை. அடுத்து இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கடைசியில் இரண்டு லிட்டர் பாட்டில். ஒவ்வொரு முறையும் நீட்டும் தூரத்தையும் மடக்கும் தூரத்தையும் டேப் வைத்து அளந்து, மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ரீடிங்கிலிருந்து, நீட்டிய உடம்பின் சோம்பல், மடக்கிய உடம்பின் சோம்பல் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்காக விதியைச் செலவழித்துவிட்டீர்கள். கையில் மிச்சம் இருப்பது மூன்றாவது ரீடிங். அது என்ன வரும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் ஏறுங்கள். பரிசோதனை அங்கேதான் தொடங்குகிறது.

காலைத் தரையில் ஊன்றாதீர்கள். மாடியில் படிக்கட்டுப் பக்கம் நாற்காலியைப் போடாதீர்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

கேள்வி: பனிச்சறுக்கு நடனக்காரர்கள் கையை மடக்கிக்கொண்டு சுற்றும் உச்ச வேகம்?
– தொலைக்காட்சிப் பிரியர், கோவை

பதில்: 2015-இல் வார்சாவில் ஒலிவியா ரைபிக்கா-ஒலிவர் நிமிடத்துக்கு 342 சுற்று சுற்றிக் கின்னஸில் ஏறினார். உங்கள் வீட்டு மின்விசிறிக்கு ஏறக்குறைய இணை. தலைவலி மாத்திரை பற்றிக் கின்னஸில் குறிப்பு இல்லை.

கேள்வி: ஐன்ஸ்டீன் எப்போதாவது ஆய்வகத்தில் கை அழுக்காகும்படி வேலை செய்திருக்கிறாரா?
– நூலகர், தஞ்சாவூர்

பதில்: செய்திருக்கிறார், அதுவும் நம் இன்றைய சப்ஜெக்டிலேயே. பொதுச் சார்பியலை முடித்த அதே 1915-இல், பெர்லினில், இயற்பியலாளர் லோரன்ட்ஸின் மருமகன் டி ஹாஸுடன் சேர்ந்து.

யோசனை அழகானது. இரும்புக்குள் காந்தம் இருப்பது, உள்ளே எலெக்ட்ரான்கள் சுற்றுவதால் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் கோண உந்தம் உண்டு. காந்தத்தின் திசையைத் தலைகீழாக்கினால் உள்ளே அத்தனை சுற்றும் தலைகீழாகும். மொத்தம் மாறக்கூடாது என்பதால் இரும்புத் துண்டே எதிர்ப்பக்கம் திரும்பியாக வேண்டும். நம் மிக்ஸியின் வெட்டு, அணு அளவில். ஓர் இரும்பு உருளையை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்து, மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றி விட்டார்கள். ஒரு தடவைத் திருப்பம் கண்ணுக்கே தெரியாது. அதனால் உருளை இயல்பாக முறுகி ஆடும் தாளத்துக்கே மின்னோட்டத்தையும் மாற்றினார்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளிப் பெரிதாக்குவது போல. உருளை திரும்பியது. அதுவே பெரிய வெற்றி.

அடுத்துதான் கதை. காந்தத்துக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள விகிதத்தில் ஓர் எண் வரும். அது 1 என்றது அன்றைய கோட்பாடு. அளவீடுகளில் ஒரு தொகுதி 1.45 கொடுத்தது, இன்னொன்று 1.02 கொடுத்தது. எதை நம்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1.02-ஐத்தான். கோட்பாட்டோடு எவ்வளவு அருமையாகப் பொருந்துகிறது! அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்கள் கவனமாக அளந்தபோது விடை 2-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. காரணம், இரும்பின் காந்தம் பெரும்பாலும் எலெக்ட்ரானின் உள்ளார்ந்த தற்சுழற்சியிலிருந்து வருகிறது. அப்படி ஒன்று இருப்பதாக ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சொன்னது 1925-இல்தான். ஐன்ஸ்டீன் கையில் எலெக்ட்ரானின் சுழற்சி வந்து விழுந்தது. அவர் பார்த்ததோ, தான் எதிர்பார்த்த விடையை.

பொறாமைக்காரி அவர்களே, உங்கள் பக்கத்து மேசைக்காரனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஐன்ஸ்டீனே செய்தார் என்பான்.

கேள்வி: ஒளிக்கு எடை இல்லை. கோண உந்தமாவது உண்டா?
– மின்வாரிய ஊழியர், திருவானைக்காவல்

பதில்: உங்கள் ஊர்க்காரர் ஒருவரே இதில் இறங்கியிருக்கிறார். சி. வி. ராமன், எஸ். பகவந்தத்துடன் சேர்ந்து, ஒளித்துகளின் தற்சுழற்சிக்குப் பரிசோதனைச் சான்று என்று 1931-இல் கட்டுரை எழுதினார். வாயுவில் சிதறும் ஒளியை வைத்து அவர்கள் வாதம். பிறகு 1936-இல் ரிச்சர்ட் பெத் அந்தச் சுழற்சியை நேரடியாகவே பிடித்தார். வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியை, குவார்ட்ஸ் இழையில் தொங்கிய ஒரு மெல்லிய தகட்டின் வழியே செலுத்தினார். ஒளியின் சுழற்சி திசை மாறியது. தகடு அதற்கு ஈடாகத் துளியூண்டு முறுகியது. விளக்கைப் போட்டால் பொருள் திரும்புகிறது! மின்வாரியத்தில் இதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்காதவரை நல்லது.

கேள்வி: அவித்த முட்டை, பச்சை முட்டை, உடைக்காமல் கண்டுபிடிக்க?
– விடுதி மாணவன், சிதம்பரம்

பதில்: இரண்டையும் மேசையில் சுற்றிவிடுங்கள். அவித்தது விறுவிறுவென்று சுற்றும். பச்சை முட்டையின் ஓடு மட்டும் சுற்ற, உள்ளே கரு சோம்பேறியாகக் கிடந்து இழுக்கும். இப்போது விரலால் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுங்கள். அவித்தது நின்றுவிடும். பச்சையானது மறுபடி மெல்லச் சுற்றத் தொடங்கும்; நீங்கள் நிறுத்தியது ஓட்டை மட்டும்தான். விடுதி முட்டை இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டால் வார்டனைப் பாருங்கள்.

கேள்வி: தலைகீழாக விழும் பூனை காலூன்றி இறங்குகிறதே, சுழற்சி இல்லாமல் எப்படித் திரும்புகிறது? விதி மீறல் இல்லையா?
– பூனை வளர்ப்பவர், பாளையங்கோட்டை

பதில்: பாரிஸில் எட்டியன் ஜூல் மாரே 1894-இல் இதைத் தொடர் புகைப்படமாகவே எடுத்தார். பிடித்தவர் கையை உதைத்துச் சுழற்சி வாங்கிக்கொண்டுதான் பூனை விழுகிறது என்று நினைத்தவர்களுக்குப் படம் ஏமாற்றம்: ஆரம்பத்தில் சுழற்சியே இல்லை. பூனை தன்னை இரண்டாக மடித்துக்கொள்கிறது. முன்கால்களை மடக்கிப் பின்கால்களை நீட்டினால், சோம்பல் குறைந்த முன்பாதி நிறையத் திரும்பும். சோம்பல் கூடிய பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே திரும்பும். அடுத்த கணம் கால்களை மாற்றிப் பின்பாதியைத் திருப்பும். எந்த நொடியில் கூட்டினாலும் மொத்தம் பூஜ்யம். உங்கள் பூனையை வைத்துச் சரிபார்க்க வேண்டாம். மாரே பார்த்தாயிற்று.

கேள்வி: பேரிங் உராய்வில் போன கோண உந்தம் பூமிக்குப் போகிறது என்கிறீர்கள். பூமியும் சுழல்கிறது. பூமியின் பேரிங் எது? அது தொலைத்தால் யாருக்குப் போகும்?
– மீனவர் மகன், நாகப்பட்டினம்

பதில்: இந்த வாரத்தின் முதல் பரிசு உங்களுக்கு, நீங்கள் தினமும் பார்க்கும் கடல்தான் அந்த பேரிங். நிலா இழுப்பதால் கடல் பொங்குகிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் பொங்கல் நிலாவுக்குச் சற்று முன்னால் தள்ளிப் போகிறது. கடற்படுகையோடு தண்ணீர் தேய்கிறது. பூமியின் சுழற்சி குறைந்து, நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் இரண்டு மில்லி வினாடி கூடுகிறது.

தொலைந்தது எங்கே? நிலாவிடம். முன்னால் தள்ளிய அந்தப் பொங்கல் நிலாவைத் தன் பக்கம் லேசாக இழுக்க, நிலா தன் பாதையில் கோண உந்தம் கூடி மெல்ல விலகுகிறது. அப்போலோ 11, 14, 15 பயணங்களில் நிலாவில் கண்ணாடி அடுக்குகளை வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் அடித்து, அது போய்த் திரும்பும் இரண்டரை வினாடியைத் துல்லியமாக அளக்கிறார்கள். ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது நிலா, நம் நகம் வளரும் வேகம்தான். திருச்சி மாணவரே, உங்கள் வட்டும் வளையமும் அங்கே பூமியும் நிலாவும்.

கேள்வி: இந்த விதி ஏன் இருக்கிறது? ‘அப்படித்தான்’ என்று சொல்லக் கூடாது.
– எட்டாம் வகுப்பு, பெயர் சொன்னால் அப்பா அடிப்பார், ஈரோடு

பதில்: ஏனென்றால் பிரபஞ்சத்துக்கு வாஸ்து கிடையாது.

உங்கள் ஆய்வக மேசையை வடக்குப் பார்த்துப் போட்டாலும் தென்மேற்குப் பார்த்துப் போட்டாலும் பரிசோதனையின் விடை ஒன்றே. இயற்கைக்குப் பிடித்த திசை, பிடிக்காத திசை என்று எதுவும் இல்லை. எல்லாத் திசையும் சமம் என்ற அந்த ஒரே காரணத்தால் கோண உந்தம் மாறாமல் இருந்தே ஆக வேண்டும் என்று 1918-இல் கணிதமாக நிறுவிக் காட்டியவர் எம்மி நோதர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் அவர் பெயரில் வகுப்பு நடத்த அப்போது அனுமதி இல்லை. கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்து, வகுப்பை இவர் எடுத்தார். எல்லாத் திசையும் சமம் என்பதன் பலனை நிறுவியவருக்கு வகுப்பறையில் அந்தச் சமம் கிடைக்க 1919 வரை ஆனது.

அப்பா ஏன் அடிப்பார் என்பதற்கு நோதரிடம் தேற்றம் இல்லை.

கேள்வி: சைக்கிள் விழாமல் ஓடுவது சக்கரத்தின் கோண உந்தத்தால்தானே?
– காலை நடை கோஷ்டி, புதுச்சேரி

பதில்: நானும் பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரத்தைப் பொருத்தி, அந்த உந்தத்தை ரத்து செய்துவிட்டு சைக்கிள் ஓட்டினார். ஜோராக ஓட்ட முடிந்தது. 2011-இல் சக்கரச் சுழற்சியின் பங்கை ரத்து செய்த ஒரு வண்டி ஆள் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடியது. உதவுகிறது, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டு மார்க்கைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

கேள்வி: விண்வெளியில் பிடித்துக்கொள்ளத் தரையே இல்லை. செயற்கைக்கோள் எப்படித் திரும்புகிறது?
– போட்டித் தேர்வர், நாகர்கோவில்

பதில்: மிக்ஸி மாதிரியேதான், ரப்பர் கால் இல்லாமல். உள்ளே ஒரு சக்கரத்தை வலப்பக்கம் வேகமாக்கினால் கோள் இடப்பக்கம் திரும்பும். நம் கோள்களுக்கான இந்தச் சக்கரங்களில் உங்களுக்குப் பக்கத்தூரான திருவனந்தபுரத்தில், இஸ்ரோவின் வட்டியூர்க்காவு பிரிவில் கைதேர்ந்தவர்கள் உண்டு. சக்கரம் கெட்டால் கதை கந்தல். நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி நான்கில் இரண்டை 2013 மே மாதத்துக்குள் இழந்து, குறிபார்க்க முடியாமல் தவித்தது. சூரிய ஒளியின் அழுத்தத்தில் சாய்ந்துகொண்டு சமாளிக்கக் கற்றுக்கொடுத்து, அதை 2018 வரை ஓட்டினார்கள்.

கேள்வி: மறுபடியும் நானேதான். பதில் அச்சுக்குப் போகும் முன் தொலைபேசியில் சொன்னபடி வளையத்தைச் சரியாக நடுவில் போட்டேன். சரிவையும் ஸ்கேல் வைத்து நீட்டினேன். இப்போது 101 சதவீதம் வருகிறது! எங்கிருந்து வந்தது அந்த ஒன்று?
– முன்னாள் 96 சதவீத மாணவன், திருச்சி

பதில்: வளையத்தை எந்தக் கையால் விட்டீர்கள்? விடும்போது மணிக்கட்டு வட்டு சுற்றும் பக்கமே லேசாகத் திரும்பியிருந்தால், வளையம் ஏற்கெனவே கொஞ்சம் கோண உந்தத்தை எடுத்துக்கொண்டுதான் இறங்கும். ஒரு தடவை இடது கையால் போடுங்கள். பிறகு பத்துத் தடவை போட்டு பத்து விடையையும் எழுதுங்கள். 99-க்கும் 101-க்கும் நடுவில் அலைந்தால் அதுதான் உங்கள் அளவுகோலின் திறமை. எல்லாமே 101 என்றால் வளையத்தை மறுபடி எடை போடுங்கள். தராசுத் தட்டில் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.